எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைப் படிப்பது

"மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள்?" என்று சமூகவியல் முதலாண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பலகை நிரம்பிவிடும். காசில்லை, வீட்டில் ஆதரவில்லை, பாடம் புரியவில்லை, வேலை கிடைத்துவிட்டது, கல்யாணம், சோம்பல். ஒவ்வொன்றும் பொருத்தமாகத்தான் ஒலிக்கும். வேதியியல் வகுப்பில் இப்படி நடப்பதில்லை. ஒரு சேர்மத்தின் கொதிநிலை பற்றி யாரும் வீட்டிலிருந்தே கருத்தோடு வருவதில்லை. சமூக அறிவியலில் பாடம் ஏற்கெனவே தெரிந்ததுபோல் இருக்கும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பழமொழிகளிடம் போனாலும் இதே நிலைதான். 'பதறாத காரியம் சிதறாது' என்று ஒன்று, 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று இன்னொன்று. காரியம் எப்படி முடிந்தாலும் சொல்வதற்குக் கையில் ஒன்று இருக்கும். 1949-இல் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் இதைக் குறும்பாகச் செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்திய பெரிய ஆய்வைப் பற்றி எழுதும்போது சில 'முடிவு'களை வரிசையாகத் தந்தார்: படித்தவர்களுக்கு மன உளைச்சல் அதிகம், கிராமத்திலிருந்து வந்தவர்கள் நகரத்துக்காரர்களைவிட உற்சாகமாக இருந்தார்கள், இப்படி. படிப்பவர் 'இதற்கு ஆய்வு வேறா?' என்று உதட்டைப் பிதுக்கும் நேரத்தில், ஆய்வில் கிடைத்தவை இவற்றுக்கு நேர் எதிரானவை என்று சொல்லி முடித்தார். எதிரான முடிவை முதலில் சொல்லியிருந்தாலும் அதுவும் 'தெரிந்ததுதானே' என்றே தோன்றியிருக்கும்.

பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படிப்பது என்றால், தோற்கக்கூடிய கேள்வியைக் கட்டப் பழகுவது. விடை எப்படி வந்தாலும் நாம் நினைத்ததே சரி என்று ஆகிவிடும் கேள்வி, கேள்வியே இல்லை. அசைன்மென்ட்டில் மதிப்பெண் குறைவது முதல் ஆய்வேடு நடுவழியில் நிற்பது வரை, பெரும்பாலான விபத்துகளுக்கு மூலம் இதுதான்.

இடைநிற்றல் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 'இடைநிற்றலின் காரணங்கள்: ஓர் ஆய்வு' என்ற தலைப்போடு வரும் மாணவர் பொதுவாக என்ன செய்வார்? படிப்பை விட்ட நாற்பது பேரைத் தேடிப் பிடித்து, ஏன் விட்டீர்கள் என்று கேட்பார். அவர்களில் 60 சதவீதம் பேர் பகுதிநேர வேலை பார்த்தவர்கள் என்று தெரியவரும். வேலைதான் காரணம் என்று எழுதிவிடுவார். படிப்பைத் தொடர்பவர்களிலும் 60 சதவீதம் பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தால்? அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. விளைவு நடந்த இடத்தில் மட்டும் ஆளெடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. நெறியாளர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் கேள்வியை இறுக்க வேண்டும். யார், எந்தக் காலத்தில், எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து. 'இளங்கலையின் முதல் இரண்டு பருவங்களில், வாரம் 15 மணி நேரத்துக்கு மேல் கூலி வேலை பார்த்தவர்கள், அதற்குக் குறைவாகப் பார்த்தவர்களைவிட அதிகமாகப் படிப்பை விடுகிறார்களா?' என்பது அழகான வாக்கியம் இல்லைதான். ஆனால் 'இல்லை' என்ற விடை வருவதற்கு இதில் இடம் இருக்கிறது. அந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: தரவு திரட்டும் முன்பே, வரப்போகும் முக்கிய அட்டவணையை வெறும் கட்டங்களோடு தாளில் வரைந்துவிடுங்கள். நெடுவரிசைத் தலைப்பு என்ன, கிடைவரிசை என்ன, எந்தக் கட்டத்தில் எண் பெரிதாக வந்தால் நம் கருதுகோள் (சோதிக்க எடுத்த ஊகம்) விழும் என்று குறித்து வையுங்கள். வரைய முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் தயாராகவில்லை.

துறை தேர்வு செய்பவர்களுக்கும் இதே உதாரணம் உதவும். பொருளியல் படித்தவர் இடைநிற்றலைப் பார்த்தால், வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு கூலியை இழக்கிறோம் என்று கணக்குப் போடுவார். சமூகவியலாளர், எழுதி வைக்காத விதிகள் யாருக்கு முன்பே தெரியும் என்று பார்ப்பார்: ஆசிரியரிடம் கூடுதல் அவகாசம் கேட்கலாம் என்பதே சில வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது, சிலர் அதைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அரசியல் அறிவியலாளர் உதவித்தொகை விதியை யார் எழுதினார்கள், ஏன் அப்படி எழுதினார்கள் என்று போவார். மானுடவியலாளர் மாதக்கணக்கில் விடுதியிலேயே போய் உட்காருவார். எனவே 'எந்தத் தலைப்பு பிடிக்கும்' என்பதை மட்டும் வைத்துத் துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதைச் சான்றாக ஏற்க உங்கள் மனம் ஒப்புகிறது என்று பாருங்கள். பாடத்திட்டத்தை வாங்கியதும் ஆய்வு முறையியல் தாள்களைத்தான் முதலில் புரட்ட வேண்டும். மூன்று வருடமும் உங்களோடு இருக்கப்போவது அதுதான்.

இனி வாசிப்பு. முதல் பருவத்தில் பலர் மூழ்கிப்போவது இங்கேதான். 25 பக்க ஜர்னல் கட்டுரையை நாவல்போல் முதல் வரியிலிருந்து படிக்கக் கூடாது. சுருக்கம், பிறகு முடிவுரை, பிறகு அட்டவணைகள், பிறகு முறையியல், கடைசியாக முன்னுரையும் கோட்பாடும் என்று போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும். மஞ்சள் பேனாவால் கோடு போடுவது வாசிப்பு ஆகாது. கோடு போட்ட பக்கம் மூன்று மாதம் கழித்து எதையும் சொல்லாது. ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு பக்கம் குறிப்பு போதும்: கேள்வி என்ன, தரவு யாரிடமிருந்து, எத்தனை பேர், எந்த ஆண்டு, எதோடு ஒப்பிட்டார்கள், என்ன சொல்கிறார்கள், இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாததை எங்கேயாவது சொல்லிவிட்டார்களா. கடைசிக் கேள்வியை எழுதப் பழகியவருக்கு முந்தைய ஆய்வுகளை அலசும் இலக்கிய மீளாய்வு அத்தியாயம் தானாக அமையும். பழகாதவரின் மீளாய்வு 'இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்' என்ற ஆள் வரிசையாகவே நிற்கும். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸொட்டேரோ போன்ற ஒரு மென்பொருளை முதல் நாளே நிறுவிக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் நூற்பட்டியலைக் கையால் தட்டச்சு செய்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கோட்பாடு என்றதும் மிரள்பவர்களும் உண்டு, மாலைபோல் அணிந்துகொள்பவர்களும் உண்டு. இரண்டாமவர்களிடம்தான் எனக்குக் கவலை அதிகம். இரண்டாம் அத்தியாயத்தில் பெரிய பெயர் ஒன்றுக்கு ஆறு பக்கம், அதற்குப் பிறகு ஆய்வேடு முடியும்வரை அந்தப் பெயர் தலைகாட்டாது. கோட்பாட்டிடம் கேட்க வேண்டியது, அது எதை நடக்காது என்கிறது என்பதை. சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் தற்கொலையை ஆராய்ந்தபோது, ஒவ்வொருவரின் துயரத்துக்குள்ளும் போகவில்லை. புராட்டஸ்டன்டுகள் மிகுந்த பகுதிகளிலும் கத்தோலிக்கர் மிகுந்த பகுதிகளிலும் தற்கொலை விகிதம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். சமூகப் பிணைப்பு தளர்ந்த இடத்தில் விகிதம் கூடும் என்றார். பிணைப்பு இறுகிய இடத்திலும் அதே அளவு இருந்திருந்தால் வாதம் விழுந்திருக்கும். கோட்பாடு வேலை செய்வது அப்படித்தான்.

அதே ஆய்வை வைத்தே இன்னொரு பாடமும் கற்கலாம். பகுதிகளின் விகிதத்திலிருந்து தனி மனிதர்களைப் பற்றிப் பேசலாமா? 1950-இல் வில்லியம் ராபின்சன் அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 48 மாநிலங்களையும் மாநில வாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களின் பங்கு கூடக் கூட எழுத்தறியாமை குறைந்துகொண்டே போனது. ஒட்டுறவு எண் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டுவது) சுமார் −0.53. அப்படியானால் குடியேறியவர்கள் நன்கு படித்தவர்களா? தனி நபர் வாரியாகக் கணக்கிட்டால் எண் +0.12, அதாவது குடியேறியவர்களிடம்தான் எழுத்தறியாமை சற்று அதிகம். அவர்கள் போய்க் குடியேறியது ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில், அதுதான் விஷயம். மாவட்டப் புள்ளிவிவரத்தை எடுத்து 'இந்தச் சமூகத்தவர் இப்படி வாக்களிக்கிறார்கள்' என்று எழுதும்போதெல்லாம் இந்தக் குழிக்குள்தான் விழுகிறோம். தொலைக்காட்சி விவாதங்கள் அந்தக் குழிக்குள்ளேயே குடியிருக்கின்றன.

வினாப்பட்டியல் தயாரிப்பது எளிது என்ற நினைப்பு எப்படியோ பரவிவிட்டது. 1941-இல் டொனால்ட் ரக் ஒரே விஷயத்தை இரண்டு சொல்லில் கேட்டுப் பார்த்தார். மக்களாட்சிக்கு எதிரான பேச்சுகளை 'அனுமதிக்க வேண்டுமா' என்று கேட்டபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். 'தடை செய்ய வேண்டுமா' என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். தர்க்கப்படி இரண்டும் ஒன்று; காதுக்கு ஒன்றல்ல. 'உங்கள் ஆசிரியர்கள் தெளிவாகவும் கனிவாகவும் நடத்துகிறார்களா?' என்பது இரண்டு கேள்வி. தெளிவு உண்டு, கனிவு இல்லை என்பவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்? 'அடிக்கடி நூலகம் போவீர்களா?' என்பதில் 'அடிக்கடி' என்பது ஒருவருக்குத் தினமும், இன்னொருவருக்கு மாதம் ஒரு முறை. 'கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் நூலகத்துக்குப் போனீர்கள்?' என்று கேட்டால் சண்டையில்லை.

வினாப்பட்டியலைப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் சோதித்துப் பார்க்காமல் களத்தில் இறக்காதீர்கள். சோதனையில் விடைகளைவிட முக்கியமானது, 'இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று நினைத்தீர்கள்?' என்று ஒவ்வொருவரையும் அவர் வாயால் சொல்ல வைப்பது. நான்காவது ஆளைத் தாண்டுவதற்குள் இரண்டு கேள்வியையாவது திருத்த வேண்டியிருக்கும்.

மாதிரியின் அளவைப் பற்றியும் தேவையில்லாத பயம், தேவையில்லாத தைரியம் இரண்டும் உண்டு. குலுக்கல்போல் வாய்ப்பு முறையில் எடுத்த 400 பேர் என்றால் 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் பிழை எல்லை, அதாவது உண்மையான எண்ணிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ ±5 சதவீதப் புள்ளிகள். 1,000 பேர் என்றால் ±3. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஒரு எல்லைக்கு மேல் ஆள் சேர்ப்பது வீண் உழைப்பாவது இதனால்தான். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் 'வாய்ப்பு முறையில் எடுத்த' என்ற ஒட்டில் தொங்குகிறது. 1936 அமெரிக்கத் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடி வாக்குத் தாள்களை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் எடுத்தது தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து. பதில் போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மனநிலைக்காரர்களும் அல்ல. வாட்ஸாப் குழுக்களில் கூகுள் படிவத்தின் இணைப்பைத் தட்டிவிட்டு '300 பேர் பதிலளித்தனர்' என்று எழுதுவதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அப்படித் திரட்டக் கூடாது என்று இல்லை. திரட்டினால் 'மாணவர்கள்' என்று பொதுவாக எழுதாமல் 'இந்தக் குழுக்களில் பதிலளித்தவர்கள்' என்று எழுதுங்கள். பிழை எல்லையையும் போடாதீர்கள்.

நேர்காணல் வேறு உலகம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். இருவர் ஒரே நேரத்தில் பேசினாலோ பின்னால் மின்விசிறி இரைந்தாலோ இன்னும் கூடும். இந்தக் கணக்கைப் போடாமல் முப்பது நேர்காணல் என்று முன்மொழிவில் எழுதிவிட்டு, கடைசியில் பதினொன்றை மட்டும் கேட்டு எழுதியவர்கள் ஏராளம். எத்தனை போதும்? 2006-இல் வெளிவந்த கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆய்வில், 60 நேர்காணல்களைப் பகுத்தபோது முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான கருத்துக்கூறுகள் வந்துவிட்டன. அந்த 12 என்ற எண்ணைப் பலரும் மந்திரம்போல் எடுத்தாள்கிறார்கள். குழு ஒரே தன்மையுடையதாகவும் கேள்வி குறுகலாகவும் இருந்தால்தான் அது பொருந்தும். முதல் தலைமுறை மாணவர், மூன்றாம் தலைமுறை மாணவர் என இரு தரப்பை ஒப்பிட வேண்டுமானால் தரப்புக்குப் பன்னிரண்டு என்று தொடங்குங்கள்.

'ஏன்' என்று நேராகக் கேட்டால் மனிதர்கள் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். 'ஏன் படிப்பை விட்டீர்கள்?' என்பதற்குக் கிடைப்பது, ஊருக்குச் சொல்லிப் பழகிய பதில். 'கடைசியாக வகுப்புக்குப் போன நாளைச் சொல்லுங்கள், காலையிலிருந்து' என்று கேளுங்கள். பேருந்துக் கட்டணம், முந்தின இரவு ஷிப்ட், பின்வரிசை, வருகைப் பதிவு எல்லாம் தானாக வரும். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தை 1934-இல் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியேர் காட்டிவிட்டார். சீனத் தம்பதி ஒருவரோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றி 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார். மறுத்தது ஒரே இடம். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் போட்ட 128 பேரில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றார்கள்.

பேசுவது தமிழில், ஆய்வேடு எழுதுவது ஆங்கிலத்தில் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். ஒருவர் 'வீட்ல கஷ்டம்' என்கிறார். அது பணமின்மையா, நோயா, அப்பாவின் குடியா, மனவருத்தமா? வறுமை என்று பெயர்த்த அந்த நிமிடமே பகுப்பாய்வு முடிந்துவிட்டது, அதுவும் உங்களுக்குத் தெரியாமலே. குறியீடு போடும் வேலையை (பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் வாரியாகப் பெயரிடுவதை) மூலத் தமிழ்ப் பிரதியிலேயே செய்யுங்கள். மேற்கோளாக எடுக்கும் வரிகளை மட்டும் கடைசியில் பெயருங்கள். 'கஷ்டம்' போன்ற சொற்களை அப்படியே விட்டு, இடத்துக்கு இடம் என்ன பொருளில் வந்தது என்று விளக்குங்கள்.

களக்குறிப்புகளை அன்று இரவே எழுதிவிட வேண்டும். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும், மீதிப் பாதியை மனம் ஒழுங்குபடுத்திவிடும். பார்த்தது ஒரு பக்கம், நீங்கள் நினைத்தது எதிர்ப்பக்கம் என்று பிரித்து எழுதுங்கள். பிரதிகள் எத்தனை இருக்கின்றன என்பதைவிட எங்கே இருக்கின்றன என்பதே முக்கியம். சமூக மானுடவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948-இல் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி எடுத்த களக்குறிப்புகளைப் பல ஆண்டு உழைத்துத் தொகுத்து மூன்று பிரதிகள் வைத்திருந்தார். 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்தில் வைக்கப்பட்ட தீயில் மூன்றும் எரிந்தன. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. நினைவிலிருந்தே அவர் நூலை எழுதி முடித்தார். நம் எல்லோருக்கும் அந்த நினைவாற்றல் வாய்க்காது. ஒன்று கணினியில், ஒன்று தனியாக வேறிடத்தில் உள்ள வன்தட்டில், ஒன்று கடவுச்சொல் போட்ட மேகச் சேமிப்பில்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. 'இரண்டாம் ஆண்டு, இயற்பியல், சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவி' என்று எழுதினால் அந்த வளாகத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். எந்த மூன்று விவரம் சேர்ந்தால் ஒருவரில் போய் நிற்கிறதோ, அதில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

எண்களோடு வேலை செய்பவர்களுக்குப் புள்ளியியலைவிடப் பெரிய எதிரி கவனக்குறைவு. பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று குறியீடு போட்டுவிட்டு, அதை விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளிடம் சொல்ல மறந்தால், 99 வயதுப் பாட்டிகள் சிலர் இளங்கலையில் சேர்ந்துவிடுவார்கள். சராசரி எடுக்கும் முன் ஒவ்வொரு மாறிக்கும் மிகக் குறைந்த, மிக அதிக மதிப்பைப் பாருங்கள். பத்து நிமிட வேலை. மூலக் கோப்பில் எப்போதும் கை வைக்காதீர்கள். நகலெடுத்து, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஆர், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருளில் கட்டளையாக எழுதிச் சேமியுங்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு மென்பொருளில் மவுஸால் சொடுக்கிச் சொடுக்கிச் செய்தவர், அடுத்த மாதம் அதே எண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாமல் திணறுவார். இருபது உறவுகளைச் சோதித்து ஒன்றில் பி மதிப்பு (உறவே இல்லாதபோதும் இவ்வளவு வலுவான முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்தால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், எந்த உறவுமே இல்லாதபோதும் இருபதில் ஒன்றாவது அப்படி வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

இதற்கெல்லாம் நல்ல பயிற்சி, வெளிவந்த ஒரு கட்டுரையின் தரவை வாங்கி அதே அட்டவணையை மீண்டும் கட்டிப் பார்ப்பது. பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல், அரசுக் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக −0.1 சதவீதத்துக்கு விழுகிறது என்று எழுதினார்கள். பல நாடுகளின் நிதிக்கொள்கை விவாதங்களில் அது அடிபட்டது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற முனைவர் பட்ட ஆய்வு மாணவர் வகுப்பு அசைன்மென்ட்டுக்காக அதை மீளக் கட்ட முயன்றார், எண் வரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுத்த வரம்பில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை, நாடுகளுக்குத் தந்த எடையும் கேள்விக்குரியதாக இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து 2013-இல் அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் வெளியிட்ட எண் +2.2 சதவீதம். எக்செல் பிழையை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்றவற்றில் வாதம் தொடர்ந்தது. உங்கள் பயிற்சியில் இப்படி எதுவும் கிடைக்காமல் போகலாம். ஆனால் முறையியல் அத்தியாயத்தில் என்னென்ன எழுதாமல் விடுகிறார்கள் என்று கண்ணில் படத் தொடங்கும்.

எழுதும்போது முன்னுரையில் தொடங்காதீர்கள். முறையியலை முதலில் எழுதுங்கள். செய்ததைச் செய்தபடி சொல்வதால் பேனா ஓடும். பிறகு முடிவுகள், பிறகு மீளாய்வு, கடைசியில் முன்னுரை. மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுத்துக்கே ஒதுக்குங்கள். திரட்டுவதில் ருசி கண்டவர்கள் 'இன்னும் நாலு பேர்' என்று போய்க்கொண்டே இருப்பார்கள்.

வைவாவுக்கு முந்தின நாள் ஆய்வேட்டை எண்களுக்காக மட்டும் ஒரு முறை படியுங்கள். முறையியலில் 212 வினாப்பட்டியல் என்று இருக்கும், நான்காம் அட்டவணையில் மொத்தம் 207 என்று இருக்கும். புறத்தேர்வாளரின் விரல் நேராக அங்கேதான் போய் நிற்கும். மூன்று பேர் வருமானக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, இருவரின் தாளில் இரண்டாம் பக்கம் காலியாக இருந்தது என்று அட்டவணையின் அடியிலேயே ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள்.